முகப்பு வேகம் சரியாக இருந்தும் அமில நெடி வருகிறது: ஃபியூம் ஹூடை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: வேதியியல் ஆசிரியை, கும்பகோணம் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்துள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எங்கள் முதுகலை மாணவர்கள் சுற்றுப்புற வயல்களின் மண்ணையும் வைக்கோலையும் பகுத்தாய்கிறார்கள். ஆகவே நைட்ரஜனை அளக்கும் கெல்டால் முறைக்காகக் கந்தக அமிலத்தைப் புகையெழக் காய்ச்சுவதும், நைட்ரிக் அமிலத்தில் தாவர மாதிரிகளை டைஜெஷன் செய்வதும், அதாவது சூடாக்கிக் கரைப்பதும், எங்கள் ஃபியூம் ஹூடில் (புகையை இழுத்து வெளியேற்றும், முன்கண்ணாடி உள்ள பெட்டியில்) வாரத்தின் பெரும்பாலான நாள்களில் நடக்கின்றன.

ஹூடை அமைத்துக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் வருவார். முன்கண்ணாடியைப் பாதி உயர்த்தி, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைக் கையில் பிடித்து, காற்று உள்ளே நுழையும் முகப்பில் சில இடங்களில் காட்டி, சராசரி வேகம் நிமிடத்துக்கு 100 அடி என்று எழுதி, தேர்ச்சி பெற்றதாக ஒரு சான்றிதழை ஒட்டிவிட்டுச் செல்வார். இந்த ஆண்டும் அப்படியே நடந்தது. ஆனால் பிற்பகலில் டைஜெஷன் நடக்கும்போது ஹூடின் முன்னால் நிற்பவருக்குத் தொண்டை கரகரக்கிறது. ஒரு மாணவிக்கு அந்த வேலை செய்யும் நாள்களில் மட்டும் இருமல் வருகிறது. நிறுவனத்திடம் சொன்னால், வேகம் சரியாக இருப்பதால் ஹூடில் குறை இருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள்.

அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் கொண்டது. மேற்குச் சுவரில் சன்னல்கள் உள்ளன, மேலே சீலிங் ஃபேன்கள் ஓடுகின்றன. நுழைவாயில் ஹூடின் இடப்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. ஹூடின் முகப்பு 1.2 மீட்டர் அகலம், கண்ணாடியை வழக்கமாக அரை மீட்டர் உயர்த்தி வைத்து வேலை செய்கிறோம்.

முகப்பு வேகம் சரியாக இருக்கும்போதே புகை வெளியே வர முடியுமா? முடியுமென்றால், நிற்பவரை ஹூட் காக்கிறதா என்பதை நேரடியாகச் சொல்லும் சோதனை எது? அதில் எந்த அளவுக்கு எங்களைப் போன்ற ஒரு கல்லூரியே செய்துகொள்ள முடியும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி: காற்றோட்டப் பொறியாளர், திருச்சிராப்பள்ளி

வணக்கம் அம்மா. முதல் கேள்விக்கு உறுதியாக, முடியும் என்றே சொல்வேன். அந்த மாணவியின் இருமலை ஒரு அளவீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் உள்ள எண் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே உண்டான புகையில் எவ்வளவு திரும்பி மூக்குக்கு வருகிறது என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை வேண்டும்.

ஹூடின் முன்னால் ஒருவர் நிற்கும்போது, உள்ளே இழுக்கப்படும் காற்று அவருடைய உடலைச் சுற்றிக்கொண்டு போகிறது. கொள்ளிடம் பாலத்தின் தூணைத் தாண்டியதும் நீர் பின்னால் சுழன்று நிற்கிறதே, அதுபோல அவருடைய மார்புக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சுழல் உண்டாகிறது. ஹூடின் விளிம்புக்கு அருகில் எழும் புகை அந்தச் சுழலில் சிக்கினால் நேராக முகத்துக்கு ஏறிவிடும். வேகத்தைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் வினாடிக்கு 0.6 மீட்டரைத் தாண்டும்போது இந்தச் சுழலும் விளிம்புகளில் உண்டாகும் கொந்தளிப்பும் வலுக்கின்றன. அதனால்தான் பொதுவாக 0.4 முதல் 0.6 மீட்டர் வரை, அதாவது நிமிடத்துக்கு 80 முதல் 120 அடி வரை வைக்கச் சொல்கிறார்கள். இன்னொரு சுழல் முன்கண்ணாடிக்குப் பின்னால், ஹூடின் மேல்பகுதியில் உருளையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சூடான அமிலப் புகை மேலெழுந்து அதில் தங்கும். கண்ணாடியை வேகமாக உயர்த்தினால் அங்கே தங்கிய புகை முன்னால் கொட்டும்.

இதை முறையாக அளக்க அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற காற்றோட்ட, குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பு 110 என்ற எண்ணில் ஒரு சோதனை முறையை வகுத்திருக்கிறது. 1985இல் வெளிவந்து, 1995இலும் 2016இலும் திருத்தப்பட்டது. அதில் மூன்று பகுதிகள் உண்டு.

முதலாவது, முகப்பு வேகம். முகப்பைப் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டங்களாகப் பிரித்து, அனிமோமீட்டரை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் வினாடிக்கு ஒன்றாக 20 அளவுகள் எடுக்க வேண்டும். கையில் பிடித்தால் கையும் உடலுமே காற்றை மாற்றிவிடும் என்பதால் ஸ்டாண்ட் கட்டாயம். சராசரியை மட்டும் பார்க்கவும் கூடாது. ஒரு மூலையில் 0.3, மறு மூலையில் 0.7 என்று இருந்தாலும் சராசரி 0.5 என்றே வரும். புகை வெளியேறுவது அந்த 0.3 மூலையில்தான்.

இரண்டாவது, புகையைக் கண்ணால் பார்த்தல். முதலில் சிறு அளவில் விளிம்புகளிலும் மேடையிலும் புகை விட்டுப் பார்ப்பார்கள், பிறகு ஹூட் நிறையும்படி பெரிய அளவில் விடுவார்கள்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட நேரடிச் சோதனை. முகப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே ஒரு குழாய்முனையை வைத்து, சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவை நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் விடுவார்கள். வெளியே ஆள் நிற்கும் இடத்தில் ஒரு பொம்மை நிற்கும். அதன் மூக்கருகே, கண்ணாடியிலிருந்து ஏழரை சென்டிமீட்டர் தூரத்தில், அளவுக்கருவியின் முனை இருக்கும். இடம், நடு, வலம் என்று மூன்று நிலைகளிலும் ஐந்தைந்து நிமிடம் பதிவு செய்து, கண்ணாடியைத் திறந்து மூடும்போது எவ்வளவு கசிகிறது என்பதையும் தனியே பார்ப்பார்கள்.

ஆஷ்ரே 110 அளக்கும் முறையை மட்டுமே சொல்கிறது, தேர்ச்சி வரம்பைச் சொல்வதில்லை. வரம்பு இசட்9.5 என்ற ஆய்வகக் காற்றோட்டத் தர ஆவணத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் சோதித்தால் பத்து லட்சத்தில் 0.05 பங்கு, நிறுவிய இடத்தில் சோதித்தால் 0.1 பங்கு. உங்கள் ஹூடையே எடுத்துக்கொள்வோம். 1.2 மீட்டர் அகலம், 0.5 மீட்டர் உயரம், வினாடிக்கு 0.5 மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 0.3 கன மீட்டர், நிமிடத்துக்கு 18,000 லிட்டர் காற்று போகிறது. அதில் 4 லிட்டர் வாயு கலந்தால் வெளியேற்றுக் குழாயில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 220 பங்கு இருக்கும். மூக்கருகே 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது, குழாயில் இருப்பதைவிட 2,200 மடங்கு குறைவாக இருக்க வேண்டும் என்பதாகும். இந்த நுண்மையை முகப்பு வேகம் ஒன்றைக் கொண்டு எப்படி ஊகிக்க முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கணக்குப்படி மணிக்கு 1,080 கன மீட்டர் காற்று வெளியே போகிறது. உங்கள் அறையின் கொள்ளளவு 168 கன மீட்டர்தான், ஆகவே அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஆறு தடவைக்கு மேல் மாற வேண்டும். அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். சன்னலையும் கதவையும் அடைத்தால் ஹூட் காற்றுக்குத் திணறும். திறந்தால் வரும் காற்று ஹூடின் முகத்தில் அடிக்கும்.

மறுமொழி: மண்ணாய்வுக்கூட அலுவலர், நாகப்பட்டினம் மாவட்டம்

வணக்கம் மேடம். பொறியாளர் ஐயா கடைசியாகச் சொன்னதுதான் நம் பக்கத்து ஆய்வகங்களின் முதன்மையான நோய் என்று நான் நினைக்கிறேன். ஹூடைச் சோதிப்பதாக நினைத்து நாம் பெட்டியை மட்டும் சோதிக்கிறோம். அறையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

முகப்பு வேகம் வினாடிக்கு அரை மீட்டர். ஒருவர் சாதாரணமாக நடந்தாலே வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். நுழைவாயில் ஹூடை ஒட்டி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருகிறவர், போகிறவர் ஒவ்வொருவரும் தம் பின்னால் ஹூடின் காற்றைவிட வேகமான ஓர் ஓட்டத்தை இழுத்துச் செல்கிறார்கள். ஐரோப்பியர்களின் ஈஎன் 14175 தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஆளுயரப் பலகை ஒன்றை ஹூடின் முன்னால் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே இழுத்து, அப்போது எவ்வளவு வாயு வெளியே வருகிறது என்று அளப்பார்கள். சீலிங் ஃபேனின் காற்றோ நடப்பவரின் காற்றைவிடத் தொடர்ச்சியானது. ஹூடுக்கு முன்னால் வீசும் குறுக்குக் காற்று முகப்பு வேகத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ஏற்கப்பட்ட அளவு. அதிலும் குறைவாக இருந்தால் நல்லது. எங்கள் கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது அந்த வரம்பு எளிதாக மீறப்பட்டது. உங்களுக்கு நெடி பிற்பகலில் மட்டும் வருகிறது என்றால், அப்போது ஃபேன் வேகமும் மேற்குச் சன்னலும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மார்கழியில் செய்த சோதனையில் தேறிய ஹூட் ஆடியில் தேறும் என்று சொல்ல முடியாது. ஆகவே சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வைப்பதானால், அதை மேல்காற்றுக் காலத்தில் வையுங்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். கஜா புயலுக்குப் பின் எங்கள் கட்டடத்துக்கு மும்முனை மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தபோது இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டன. ஹூடின் காற்றை இழுத்து வெளியேற்றும், மாடியில் உள்ள புளோயர் தலைகீழாகச் சுற்றியது. இத்தகைய மையவிலக்கு புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் போகும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும். ஓசை கேட்கும், காகிதத் துண்டை இழுக்கும், ஆகவே யாருக்கும் ஐயம் வராது. புளோயரின் உடலில் உள்ள அம்புக்குறியும் சுற்றும் திசையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு மின்பழுதுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உங்கள் கல்லூரியே செய்யக்கூடியது புகைச் சோதனை. ஊதுபத்தியின் புகை சூட்டினால் தானாகவே மேலே ஏறும், ஆகவே அது காட்டும் பாதையை முழுமையாக நம்ப முடியாது. தீக்கங்கு என்பதால் கரைப்பான்கள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. டைட்டானியம் டெட்ராகுளோரைடு நிரப்பிய புகைக்குழல்கள் தெளிவாகக் காட்டும், ஆனால் அந்தப் புகை அரிக்கும் தன்மையுடையது, மூச்சில் போகக் கூடாது. திருமண மண்டபங்களுக்கு மேடைப் புகை இயந்திரம் வாடகைக்குக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதில் வரும் கிளைக்கால் (glycol) புகையை ஒரு நீண்ட குழாய் வழியே ஆறவிட்டு, வேகம் குறைந்த பின் ஹூடுக்குள் விடுங்கள். அறையின் ஒளியைக் குறைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் விளக்கைப் பாய்ச்சி, கைப்பேசியில் படம் எடுங்கள். ஹூடின் முன்னால் ஒருவர் வேலை செய்வதுபோலக் கைகளை உள்ளே விட்டு நிற்க வேண்டும், ஆளில்லாமல் செய்யும் புகைச் சோதனையில் மார்புச் சுழல் தெரியாது. வழக்கமாக வைக்கும் ஹாட் பிளேட்டும் அமிலப் போத்தல்களும் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும். சோதனைக்காக ஹூடைக் காலி செய்து சுத்தம் செய்தால், நீங்கள் பயன்படுத்தாத ஒரு ஹூடைத்தான் சோதிப்பீர்கள்.

மறுமொழி: வேதியியல் ஆசிரியை, கும்பகோணம் வட்டாரம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேடைப் புகை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துச் சோதித்தோம். ஃபேன்களை நிறுத்தி, மேற்குச் சன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கக் கதவை மட்டும் திறந்துவைத்தபோது புகை முழுவதும் ஹூடின் பின்பக்கத் தடுப்புப் பலகையான பின்தடுப்பின் இடைவெளிகளுக்குள் ஒழுங்காகப் போனது. ஹூடுக்கு நேர் மேலே உள்ள ஃபேனை ஓடவிட்டதும் முகப்பின் இடது விளிம்பில் புகை வெளியே உருண்டு வந்தது. முன்னால் நின்ற ஆய்வக உதவியாளரின் கழுத்துவரை அது ஏறியதைப் படத்தில் தெளிவாகக் காண முடிகிறது. டைஜெஷன் பிளாக்கை வசதிக்காக முன்விளிம்பை ஒட்டி வைத்திருந்தோம், அதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியதும் நிலைமை கண்கூடாக மாறியது. பின்தடுப்பின் கீழ் இடைவெளியை அட்டைப்பெட்டிகள் மறைத்திருந்தன, அவற்றையும் எடுத்துவிட்டோம். படத்தைப் பார்த்த முதல்வர் அந்த ஃபேனை நிரந்தரமாகக் கழற்ற ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். புகைச் சோதனை கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறது, எண்ணாகத் தருவதில்லை. சல்பர் ஹெக்சாஃபுளோரைடு சோதனைக்கு எங்களிடம் நிதியும் இல்லை, கருவியும் இல்லை. அதற்கு ஈடாக ஏதேனும் செய்ய முடியுமா? அடுத்து, பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவிடும் மாதிரிகளுக்கு நைட்ரிக் அமிலத்தோடு பெர்குளோரிக் அமிலமும் சேர்க்கும் முறையை ஒரு மாணவர் இதே ஹூடில் தொடங்க விரும்புகிறார். ஹூட் சோதனையில் தேறிவிட்டால் அனுமதிக்கலாமா?

மறுமொழி: காற்றோட்டப் பொறியாளர், திருச்சிராப்பள்ளி

நிதி இல்லாதது ஒருபுறம் இருக்க, அந்த வாயுவைத் தவிர்ப்பதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. நூறாண்டுக் கணக்கில் அதன் புவிவெப்ப ஆற்றல் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 23,500 மடங்கு. நிமிடத்துக்கு 4 லிட்டர், மூன்று நிலைகள், ஐந்தைந்து நிமிடம் என்றால் 60 லிட்டர் செலவாகும். எடையில் 370 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஒரு ஹூடைச் சோதிக்க எட்டரை டன் கரியமில வாயுவுக்கு நிகரானதை வளிமண்டலத்தில் விடுகிறோம். 2016 திருத்தம் மாற்று வாயுக்களுக்கும் இடம் தருகிறது. நைட்ரஸ் ஆக்சைடை அகச்சிவப்புக் கருவியோடு பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எட்டக்கூடியது ஐசோபுரோபைல் ஆல்கஹாலும், கரைப்பான் ஆவியை உணரும் பிஐடி எனப்படும் கைக்கருவியும். பக்கத்தில் உள்ள தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் அந்தக் கருவியை இரவல் கேட்டுப் பாருங்கள். ஒரு தட்டில் ஆல்கஹாலை ஊற்றி எடை பார்த்து, வெந்நீர்த் தொட்டியின் மேல் முகப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே வையுங்கள். கருவியின் முனையை ஒரு ஸ்டாண்டில், நிற்பவரின் மூக்கு இருக்கும் இடத்தில் பொருத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டின் எடையை மறுபடி பார்த்தால் எவ்வளவு ஆவியாகியிருக்கிறது என்பது தெரியும். அதையும் ஹூடின் காற்றளவையும் கொண்டு குழாயில் உள்ள செறிவைக் கணக்கிட்டு, மூக்கருகே கருவி காட்டிய செறிவால் வகுங்கள். அந்த விகிதம்தான் உங்கள் ஹூடின் காப்புத்திறன். இது ஆஷ்ரே சோதனைக்குச் சமமாகாது, சான்றிதழில் எழுதவும் முடியாது. ஆனால் ஃபேன் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும், கதவு திறந்திருக்கும்போதும் சாத்தியிருக்கும்போதும் அந்த விகிதம் எப்படி மாறுகிறது என்பதை இதே முறையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். தட்டின் அருகில் ஆவி எரியும் செறிவை எட்டும் என்பதால் ஹாட் பிளேட், பர்னர் எதுவும் இயங்கக் கூடாது. வெந்நீரை வேறு அறையில் காய்ச்சிக் கொண்டுவாருங்கள். கருவி வேறு பல கரைப்பான்களையும் உணரும், ஆகவே அசிட்டோன் போத்தல்களை அகற்றி, அறையின் பின்னணி அளவை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதமும் அதன் அளவுகளைப் பாதிக்கும். ஐப்பசி மழைநாளில் எடுத்த எண்ணை வெயில் நாளின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

மறுமொழி: மண்ணாய்வுக்கூட அலுவலர், நாகப்பட்டினம் மாவட்டம்

பெர்குளோரிக் அமிலத்தைப் பற்றி நான் சொல்கிறேன் மேடம், ஏனெனில் மண், தாவரப் பகுப்பாய்வில் அந்த இரட்டை அமில முறை மிகவும் பரவியிருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஹூட் எல்லாச் சோதனையிலும் தேறினாலும் விடை மாறாது. இதுவரை பேசிய சோதனைகள் புகை முன்னால் வருகிறதா என்று மட்டுமே பார்க்கின்றன. இங்கே ஆபத்து பின்னால், குழாயில் இருக்கிறது. சூடாக்கிய பெர்குளோரிக் அமிலத்தின் ஆவி குழாயின் உட்சுவரில் படிந்து, உலோகத்தோடும் தூசியோடும் சேர்ந்து பெர்குளோரேட்டுகளாகச் சேரும். பின்னொரு நாள் பழுது பார்க்க வருபவர் சுத்தியலால் தட்டும்போது அது வெடிக்கலாம். அந்த அமிலத்தைச் சூடாக்குவதற்கென்றே, துருப்பிடிக்காத எஃகாலான, புளோயர் வரை நீரால் கழுவிவிடும் அமைப்புள்ள தனி ஹூட் வேண்டும். அதில் கரிமக் கரைப்பான்கள் எதையும் வைக்கக் கூடாது.

அந்த மாணவரின் மாதிரிகளுக்கு நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த முறையை முயலச் சொல்லுங்கள். வைக்கோலில் சிலிக்கா மிகுதியாக இருப்பதால் வெள்ளை வீழ்படிவு எஞ்சும், அதை வடிகட்டிவிட்டு அளக்கலாம்.

உங்களுக்கு முன்பு பொறுப்பில் இருந்தவர்களின் காலத்தில் இதே ஹூடில் பெர்குளோரிக் அமிலம் காய்ச்சப்பட்டதா என்று பழைய செய்முறைப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சப்பட்டிருந்தால், சோதித்து முடிக்கும்வரை யாரும் குழாயைக் கழற்றவோ, துளையிடவோ, தட்டவோ கூடாது என்று ஹூடிலேயே எழுதி ஒட்டுங்கள். குழாயின் உட்சுவரை நீரால் நனைத்துத் துடைத்த கரைசலில் மெத்திலீன் புளூ கரைசலைச் சில துளிகள் விட்டால், பெர்குளோரேட் இருக்குமானால் ஊதா நிற வீழ்படிவு தோன்றும். அது தோன்றினால் குழாய் முழுவதையும் நீரால் கழுவிய பிறகே பழுது பார்ப்பவரை மாடிக்கு அனுப்ப வேண்டும்.